மாத்தளை தந்த மகாதேசாதிபதி

மாத்தளை நகரிலிருந்து தம்புள்ளை நோக்கிச் செல்லும் பெருவீதியில் இரண்டு மைல் தூரம் செல்வோர், பாறைப் பிளவுகளினிடையே அமைந்துள்ள அலுவிகாரையைக் காணாமற் செல்லல் அரிது. கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபயனின் காலத்தில், அதுவரை வாய்மொழியாக வழங்கிவந்த பாளித் திரிபிடகம் ஏட்டில் முதன்முதலாக எழுதப்பட்டது அவ்விடத்திலேயே என்பது பௌத்த மரபு. எழுதிய பிக்குகளின் பெயர்கள் இன்று எவருக்கும் தெரியா. கை மறைந்தது, எழுத்து நின்றது.

அந்த அலுவிகாரைப் புறத்துச் சிற்றூராகிய துல்லேவயிலே 1896ஆம் ஆண்டு பிறந்தவர் வில்லியம் கோபல்லாவ. பீக்கிங்கிலும் வாஷிங்டனிலும் இலங்கையின் தூதுவராக இருந்தவர். பிரித்தானிய முடியின் பிரதிநிதியாகப் பதவி வகித்த இறுதி மகாதேசாதிபதி. குடியரசான இலங்கையின் முதல் ஜனாதிபதி. இத்துணைப் பதவிகளையும் ஒருவர் வகித்திருந்தும், மலையகத்துத் தமிழ் மாணவர் ஒருவரை இன்று வினவினால் அவர் பெயரைத் தயங்கித் தயங்கியே சொல்வார். சிறிமாவோ பண்டாரநாயக்காவையும் டட்லி சேனநாயக்காவையும் ஜே. ஆர். ஜயவர்த்தனாவையும் அறிந்த அளவுக்கு, அம்மூவர் காலத்தும் நாட்டின் தலைவராக வீற்றிருந்த இவரை எவரும் அறிந்திலர். அவ்வாறாயதற்குக் காரணம் உண்டு. அவர் எழுதியவை பெரும்பாலும் தம் பெயரை மட்டுமே. ஆனால் அப்பெயர் எவ்வெத்தாள்களின் அடியில் எழுதப்பட்டதோ, அத்தாள்கள் மாத்தளை மாவட்டத்து லயக்காம்பராக்கள் வரை சென்று மக்களின் வாழ்வைத் திருப்பிவிட்டன. ஆதலின் அவர் வாழ்க்கை, தமிழரும் ஆராயத்தக்க ஒன்றாகிறது.

தூதுவர் பதவிக்கு அவ்வூர்ப்புறம் அளித்தவர் அவர் ஒருவர் மட்டுமல்லர். இலங்கையருள் முதன்முதலாக 1947இற் பொலிஸ் மா அதிபர் பதவியை ஏற்ற சேர் றிச்சட் அலுவிகாரையும் அம்மண்ணினரே. அவர் பின்னர் புதுடில்லியில் இலங்கையின் உயர்தானிகராகப் பணியாற்றினார். மாத்தளை உயர்குடிச் சிங்களக் குடும்பங்கள் ஆங்கிலக் கல்வியையும் அரச சேவையையும் பற்றிக்கொண்டு மேலெழுந்த காலம் அது.

அதே வீதிக்கு வேறொரு நினைவும் உண்டு. கோப்பிப் பயிர்ச்செய்கை மலைநாட்டிற் பரவிய காலத்தில், தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் வந்திறங்கிய தொழிலாளர், காட்டுவழியே நடந்து தம்புள்ளை தாண்டி மாத்தளையை அடைந்ததும் அவ்வழியாகத்தான். வழியிலே காய்ச்சலாலும் பசியாலும் விழுந்தோர் பலர். எஞ்சியோர் கண்ட முதற் பெருநகரம் மாத்தளை. அங்கே எழுந்த முத்துமாரியம்மன் கோயிலும், மாசிமகத்தில் அங்கு ஓடும் ஐந்து தேர்களும் அந்த நடையின் எச்சங்களே எனலாம்.

1848ஆம் ஆண்டு யூலை மாதம் அவ்வீதி போர்க்களமாயிற்று. புதிய வரிகளை எதிர்த்தெழுந்த மக்கள் தம்புள்ளையிற் கொங்காலேகொட பண்டாவுக்கு முடிசூட்டி, புரன் அப்புவின் தலைமையில் மாத்தளையைத் தாக்கினர். தேசாதிபதி டொரிங்டன் பிரபு இராணுவச் சட்டத்தைப் பிரகடனஞ் செய்தார். ஓகஸ்ட் 8ஆம் நாள் புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு பிக்கு, காவியுடையுடனேயே சுடப்பட்டார். இலண்டன் பாராளுமன்றக் குழு விசாரித்தபின் டொரிங்டன் திருப்பியழைக்கப்பட்டார். மாத்தளையார் இதனை மறக்கவில்லை. அத்தேசாதிபதிகள் வாழ்ந்த கொழும்பு இராணி மாளிகைக்கு, நூற்றுப்பதினான்கு ஆண்டுகளின் பின் மாத்தளையான் ஒருவன் குடிபுகுவான் என்பதை 1848இல் எவரும் கனவிலும் எண்ணியிரார்.

கோபல்லாவ கண்டி தர்மராஜ கல்லூரியிலும் கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியிலும் பயின்றார். பௌத்த பாடசாலையையும் கத்தோலிக்க பாடசாலையையும் ஒருசேரக் கண்ட அக்கல்வி, பிற்காலத்தில் அவரிடம் காணப்பட்ட நிதானத்துக்கு ஓரளவு காரணமாகலாம். சில காலம் ஆசிரியராக இருந்து, சட்டம் பயின்று, 1924இற் பிரக்கிராசியாகி மாத்தளையில் தொழில் நடத்தினார். பிரக்கிராசியின் தொழில் யாது? காணி உறுதி எழுதுதல், எல்லைத் தகராறு, கடன் முறி, மரண சாதனம். சிங்களக் கிராமத்தவரும் முஸ்லிம் வணிகரும் செட்டிமாரும் தோட்டத்துக் கங்காணிகளும் வந்துபோகும் ஒரு மலைநாட்டு நீதிமன்ற வாயிலில், எழுத்தென்பது எவ்வளவு கனமானது என்பதைப் பிரக்கிராசி நாள்தோறும் காண்பான். ஒரு கையொப்பம் இருந்தால் வயல் உண்டு, இல்லையேல் இல்லை.

மாத்தளை நகரசபையில் உறுப்பினராகிப் பின் தலைவருமானார். 1939இற் கண்டி மாநகர ஆணையாளராகச் சென்றார். அப்பதவியில் இருந்த காலத்தில் இரண்டாம் உலகப்போர் மூண்டது. 1944இல் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியப் படைகளின் தலைமையகத்தைப் பேராதனைப் பூங்காவுக்குக் கொண்டுவந்தபோது, சிறு நகராகிய கண்டியின் நீர், விளக்கு, வீதி, சுகாதாரம் யாவும் எதிர்பாராத பெருஞ்சுமையைத் தாங்கவேண்டியதாயிற்று. அதன்பின் 1950களிற் கொழும்பு மாநகரின் ஆணையாளர் பதவியும் அவரை வந்தடைந்தது. 1953இற் பிரித்தானிய அரசின் எம்.பி.ஈ. விருதும் கிடைத்தது.

வாழ்க்கை வரலாற்றுக் குறிப்புகள் எழுதுவோர் இக்காலத்தை இரண்டொரு வரிகளிற் கடந்துவிட்டு, தூதுவர், மகாதேசாதிபதி, ஜனாதிபதி எனப் படியேறிச் செல்வர். அஃது ஏற்றமே. ஆயினும் உண்மையான அதிகாரத்தை அளவுகோலாகக் கொண்டு நோக்கின் வரிசை தலைகீழாகும். மாநகர ஆணையாளன் கையொப்பமிட்டால் ஒரு தெருவுக்குக் குழாய் நீர் வரும், வடிகால் வெட்டப்படும், சந்தைக்கடைக்கு அனுமதிப் பத்திரம் கிடைக்கும். கையொப்பம் இடுவதோ மறுப்பதோ அவன் பொறுப்பு. மாத்தளையிலும் கண்டியிலும் கொழும்பிலும் கோபல்லாவவின் கை அத்தகையதாக இருந்தது. மேலே ஏற ஏற அக்கையின் விருப்பம் சுருங்கியது; அது தொட்ட தாளின் கனமோ பெருகியது.

1961ஆம் ஆண்டு, அறுபத்துநான்கு வயதில், அவர் சீனாவுக்குத் தூதுவராக அனுப்பப்பட்டார். 1952ஆம் ஆண்டின் இறப்பர் - அரிசி ஒப்பந்தத்தினால் இலங்கைக்கும் சீனாவுக்குமிடையே வணிக உறவு வலுப்பெற்றிருந்தது. தூதுவர் உறவு 1957இல் மலர்ந்தது. 1961 ஜூனிற் பீக்கிங்கிலிருந்து புத்தரின் புனித தந்ததாது ஒன்று இலங்கைக்குக் கொணரப்பட்டுப் பல நகரங்களில் மக்கள் வழிபாட்டுக்கு வைக்கப்பட்டது. கம்யூனிச நாடொன்று தாதுவை அனுப்புகின்றது. பௌத்த நாடு அதனை வரவேற்கின்றது. இராசதந்திரம் இத்தகைய விந்தைகளால் ஆனது. அவ்வாண்டிலேயே அவர் வாஷிங்டனுக்கு மாற்றப்பட்டார். அங்கோ சூழல் வேறு. 1961ஆம் ஆண்டுப் பெற்றோலியக் கூட்டுத்தாபனச் சட்டம் அமெரிக்க, பிரித்தானியக் கம்பெனிகளின் எண்ணெய்த் தாங்கிகள்மீது கைவைக்க வழிசெய்தது. நட்டஈட்டுப் பிணக்கு முற்றி, 1963 பெப்ரவரியில் அமெரிக்கா இலங்கைக்கான உதவியை நிறுத்தியது. அந்த முறிவு வருமுன்னரே கோபல்லாவ தாயகம் மீண்டுவிட்டார்.

அவர் தூதுவராயிருந்த அதே 1961இல், நடுநிலை என்பது யாதென்ற வினா உலக அரங்கில் எழுந்திருந்தது. நடுநிலை நாடுகள் உண்டு, நடுநிலை மனிதர் இலர் என்ற கருத்தைச் சோவியத் தலைவர் குருஷேவ் முன்வைத்திருந்தார். ஐக்கிய நாடுகளின் செயலாளர் நாயகமாக விளங்கிய சுவீடன் நாட்டவர் டாக் ஹமர்ஷீல்ட், மே மாதம் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில் அதற்கு மறுமொழி கூறினார். அரசாங்கங்களுக்கு ஊழியஞ் செய்வோன் கருத்தற்றவனாக இருக்கவேண்டியதில்லை, தன் கருத்து தன் கடமையைக் கோணச்செய்யாதவாறு காக்கும் நேர்மையே வேண்டப்படுவது என்பது அவ்வுரையின் சாரம். செப்டெம்பரில் அவர் ஆபிரிக்காவில் விமான விபத்தில் மாண்டார். ஹமர்ஷீல்டுக்கு ஒரு வசதி இருந்தது: அவர் நடுநிலை, செயலுக்குரிய நடுநிலை. படைகளை அனுப்பலாம், பேச்சு நடத்தலாம், வல்லரசுக்கு இல்லையென்று சொல்லலாம். கோபல்லாவவுக்கு வாய்த்ததோ செயலற்ற நடுநிலை. இவ்விரண்டனுள் எது கடினமானது என்பது எளிதில் முடிவு செய்யக்கூடியதன்று.

1962 சனவரி 27ஆம் நாளிரவு, இராணுவ, பொலிஸ் உயர் அதிகாரிகள் சிலர் ஆட்சியைக் கவிழ்க்கத் தீட்டிய சதி வெளிப்பட்டு முறியடிக்கப்பட்டது. விசாரணையின்போது மகாதேசாதிபதி சேர் ஒலிவர் குணதிலக்காவின் பெயரும் அடிபட்டது. குற்றம் எதுவும் நிறுவப்படவில்லை. ஆயினும் அவர் பதவியில் நீடிக்க இயலவில்லை. வாஷிங்டனிலிருந்த கோபல்லாவ அழைக்கப்பட்டு, மார்ச் 2ஆம் நாள் மகாதேசாதிபதியானார். பிரதமர் சிறிமாவோவுக்கு அவர் திருமணத் தொடர்பால் உறவினர். உறவினரைக் கொணர்ந்து மாளிகையில் இருத்தினார் என்ற குறை அன்றே எழுந்தது. சதியின் நிழல் விலகாத வேளையில், நம்பத்தக்கவரையே ஒரு பிரதமர் நாடினார் என்பதும் விளங்கிக்கொள்ளக்கூடியதே.

அவருக்கு முன்னிருந்த மூவரும் சேர் பட்டமோ பிரபுப் பட்டமோ உடையவர்கள். 1956இன் பின் இலங்கை அரசு பிரித்தானியப் பட்டங்களுக்குப் பரிந்துரைப்பதை நிறுத்திவிட்டமையால், இராணியின் பிரதிநிதியாக இருந்தும் கோபல்லாவ பட்டமின்றியே இருந்தார். இறகு சூடிய தொப்பியும் பொற்சரிகைச் சட்டையும் அணிந்த தேசாதிபதிகளின் ஓவியங்கள் தொங்கிய மாளிகையில், வெண்ணிறத் தேசிய உடை உடுத்த ஒருவர் நடமாடினார். மகாதேசாதிபதி பதவியை வகித்த முதற் பௌத்தரும் அவரே. சிங்களக் கிராமத்து மக்களுக்கு அக்காட்சி மகிழ்வளித்தமை இயல்பு. அது தமிழருக்குப் புலப்படுத்திய பொருள் சற்று வேறு. அரசின் உடையும் சமயமும் மொழியும் ஒரு திசையில் திரும்புகின்றன என்பதற்கு அஃதோர் அடையாளமாகவும் பட்டிருக்கலாம். ஓர் உடை இருவர் கண்ணுக்கு இருவேறாகத் தோன்றுவது இந்நாட்டில் புதுமையன்று.

பதவியேற்ற அந்த மாதத்திலேயே அவர் முன்வந்த தாள், 1962ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் குற்றவியற் சட்ட (விசேட ஏற்பாடுகள்) மசோதா. சதிகாரரை விசாரிக்கவென்றே ஆக்கப்பட்ட அது, நடந்து முடிந்த செயல்களுக்குப் பின்னோக்கிச் செல்லும் வலிமை உடையது. யூரி இல்லாமல் மூன்று நீதிபதிகள் விசாரிக்க வகைசெய்தது. அந்நீதிபதிகளை நியமிக்கும் உரிமையை அமைச்சரின் கையில் வைத்தது. இருபத்துநால்வர்மீது வழக்குத் தொடரப்பட்டு, பதினொருவர் 1965இற் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். அவ்வாண்டு டிசெம்பரில் இலண்டன் கோமறை மன்றம், குறித்த சிலரைத் தண்டிக்கவென்றே பாராளுமன்றம் நீதித்துறையின் அதிகாரத்தைப் பறித்தது எனக் கூறி அச்சட்டத்தைச் செல்லாததாக்கிற்று. கைதிகள் விடுதலையாயினர். நாற்பதாண்டு சட்டமறிந்த மாத்தளைப் பிரக்கிராசி அம்மசோதாவைப் படித்தபோது அதன் பழுது அவருக்குத் தென்பட்டிராது என்று எண்ணுவது கடினம். தென்பட்டாலுமென்? பிரித்தானிய முடி ஒரு மசோதாவுக்கு உடன்பாடு மறுத்த கடைசி நிகழ்வு 1708இல், ஆன் அரசியின் காலத்தது. ஆலோசனை கேட்கப்படல், ஊக்குவித்தல், எச்சரித்தல் ஆகிய மூன்றே முடிக்குரிய உரிமைகள் என்பர் அறிஞர். எச்சரிக்கை மூடிய கதவுக்குள் நிகழ்வது. சட்டப் புத்தகத்தில் அதற்கு வரி இல்லை. கையொப்பத்துக்கு மட்டுமே வரி உண்டு.

உறவினர் என்ற குறைச்சொல்லைச் சோதிக்கும் வேளை 1964இல் வந்தது. டிசெம்பர் 3ஆம் நாள், சிம்மாசனப் பிரசங்கத்தின்மீதான வாக்கெடுப்பில் சிறிமாவோ அரசு ஒரேயொரு வாக்கினால் தோற்றது. பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. 1965 மார்ச் 22இல் நடந்த தேர்தலில் எக்கட்சிக்கும் தனிப்பெரும்பான்மை கிட்டவில்லை. தமிழரசுக் கட்சி உள்ளிட்டோரின் ஆதரவுடன் டட்லி சேனநாயக்கா பிரதமரானார். கோபல்லாவவை அவர் மாற்றவில்லை. ஐந்தாண்டுகள் ஒருவரோடொருவர் பூசலின்றிப் பணிபுரிந்தனர். 1970இற் சிறிமாவோ மூன்றிலிரண்டு பெரும்பான்மையுடன் மீண்டபோதும் மாளிகையில் இருந்தவர் அவரே. தம்மை நியமித்தவருக்கும் அவரைத் தோற்கடித்தவருக்கும் ஒரே முகத்தைக் காட்ட வல்லவராயிருந்தார் என்பதில் ஐயமில்லை. அவருடைய பொதுவாழ்வில் மிகவும் மெச்சத்தக்க பகுதி இதுவே.

ஆனால் அந்த ஒரே முகம் மலையகத் தமிழரை நோக்கித் திரும்பும்போது கதை வேறாகின்றது.

1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றோராக்கப்பட்ட இந்திய வம்சாவளி மக்களின் தலைவிதியை, 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் புதுடில்லியில் சிறிமாவோவும் லால் பகதூர் சாஸ்திரியும் எழுதினர். கணக்கு 9,75,000 பேர். அவருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேருக்கு இலங்கை பிரசாவுரிமை வழங்கும். எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவதென முடிவாயிற்று. 1974இல் அவர்களும் பாதிக்குப் பாதியாகப் பங்கிடப்பட்டனர். ஏழு பேர் போனால் நால்வர் இருக்கலாம் என்ற விகிதம் இவ்வாறு பிறந்தது. மாத்தளையிலும் கந்தேநுவரையிலும் இறத்தோட்டையிலும் இறப்பர், தேயிலை, கொக்கோத் தோட்டங்களில் மூன்று தலைமுறை உழைத்தவர்கள், தாம் ஏழில் சேர்ந்தவரா நான்கில் சேர்ந்தவரா என்பதை அறிய விண்ணப்பப் படிவங்களுடன் வரிசையில் நின்றனர்.

ஒப்பந்தத்தைச் செயற்படுத்தும் சட்டம், 1967ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கமாக, டட்லி அரசின் காலத்தில் நிறைவேறியது. இந்தியா எழுவருக்குப் பிரசாவுரிமை வழங்கியதும் இலங்கை நால்வரைப் பதியலாம் என்பது அதன் முறை. 1970இல் ஆட்சி மாறியது. 1971இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, எழுவர் உண்மையாகவே கப்பலேறிய பின்னரே நால்வர் பதியப்படலாம் என்றாயிற்று. முன்னதில், இருப்பவனின் உரிமை அயல்நாட்டு அலுவலகத்தின் ஒரு முத்திரையில் தங்கியிருந்தது. பின்னதில் அது, பக்கத்து லயத்தவன் பெட்டி கட்டிப் புறப்படுவதில் தங்கியிருந்தது. ஒருவன் தங்குவதற்கு மற்றொருவன் போகவேண்டும். ஒன்றுக்கொன்று எதிரான இரு அரசாங்கங்கள் ஆக்கிய இவ்விரு சட்டங்களுக்கும் முடியின் உடன்பாட்டை வழங்கிய பதவி ஒன்றே. அதில் இருந்தவரும் ஒருவரே.

மலைநாட்டு நிலையங்களிலிருந்து தலைமன்னாருக்குப் புறப்பட்ட புகைவண்டியை மக்கள் ஒப்பாரிக் கோச்சி என வழங்கினர். நிலைய மேடையில் மாரடித்து அழுத கிழவிகளையும், சாமான் மூட்டையின்மேல் ஏறியமர்ந்து வேடிக்கை பார்த்த குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு அது சென்றது. நூறாண்டுக்கு முன் நடந்து வந்த தம்புள்ளை வழிக்கு அயலிலேயே, பேரப்பிள்ளைகள் மன்னார்க் கரைக்குத் திருப்பியனுப்பப்பட்டனர். போன தலைமுறை காட்டிலே இறந்தது. வந்த தலைமுறை மண்டபம் முகாமிலே காத்திருந்தது. எஞ்சியோரின் பிரசாவுரிமை வினா முற்றாகத் தீர்வதற்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரவேண்டியதாயிற்று.

இதற்குக் கோபல்லாவவைக் குற்றவாளியாக்குவது அறியாமை. வேறெவர் அவ்விருக்கையில் இருப்பினும் அதே பேனை அதே இடத்தில் ஓடியிருக்கும். ஆனால் குற்றமில்லை என்பதனோடு விடயம் முடிந்துவிடுமா? அயற்கிராமத்துத் தோட்டங்களில் வாழ்ந்த அம்மக்களை வாஷிங்டனிலோ புதுடில்லியிலோ இருந்தவர்களைவிட நன்கறிந்தவர் அவர். அவர்களின் கங்காணிமார் அவர் நாளில் மாத்தளை நீதிமன்ற வாயிலில் நின்றவர்கள். தூரத்திலிருப்பவன் கையொப்பமிடுவது வேறு. முகந்தெரிந்தவன் கையொப்பமிடுவது வேறு. அலங்காரப் பதவி என்று எளிதாகச் சொல்லப்படுவதன் உள்ளே இருக்கும் முள் இதுவே. அரசியல் யாப்பு நூல்கள் அம்முள்ளைப் பற்றிப் பேசுவதில்லை.

1971 மார்ச் 16ஆம் நாள் அவசரகாலநிலை பிரகடனஞ் செய்யப்பட்டது. ஏப்ரிலில் மக்கள் விடுதலை முன்னணியின் கிளர்ச்சி வெடித்தது. கிராமத்துச் சிங்கள இளைஞர் ஆயிரக்கணக்கில் மாண்டனர். 1848இல் மாத்தளைமீது இராணுவச் சட்டத்தை ஏவிய தேசாதிபதியின் ஆசனத்திலிருந்து, இம்முறை மாத்தளையானின் பெயரிலேயே பிரகடனம் வெளிவந்தது. அவ்வவசரகாலம் 1977 பெப்ரவரி வரை நீடித்தது.

1972 மே 22ஆம் நாள் கொழும்பு நவரங்ககலையில் இலங்கை குடியரசாயிற்று. தமிழரசுக் கட்சியினர் அந்நிகழ்ச்சியில் கலந்துகொள்ளவில்லை. சிங்களம் அரச கருமமொழியாகவும், பௌத்தத்துக்கு முதன்மை இடமும் யாப்பிலேயே பொறிக்கப்பட்டன. சிறுபான்மையோர் காப்பாகக் கருதிய 29ஆம் பிரிவு மறைந்தது. இங்கே கவனிக்கத்தக்க ஒன்றுண்டு. பழைய சோல்பரி யாப்பின் வழிவராத புதிய யாப்பு இது எனக் காட்டவேண்டி, அரசியல் நிர்ணய சபை தானே அதனை நிறைவேற்றிக்கொண்டது. மகாதேசாதிபதியின் உடன்பாடு வேண்டுமென்றே தவிர்க்கப்பட்டது. பத்தாண்டுகள் எல்லாச் சட்டங்களுக்கும் கையொப்பமிட்டவர், அக்காலத்தின் மிகப்பெருஞ் சட்டத்துக்குக் கையொப்பமிடுமாறு கேட்கப்படவில்லை. அன்றே பிரதமரின் நியமனத்தால் அவர் ஜனாதிபதியானார். இராணி மாளிகை ஜனாதிபதி மாளிகையாயிற்று, உள்ளிருந்தவர் மாறவில்லை.

பழைய சட்டத் தொகுதிகளைப் புரட்டுவோர் ஒரு சிறு மாற்றத்தைக் காண்பர். 1972 மே மாதத்துக்கு முந்திய சட்டங்களின் தலைப்பில் உடன்பாடளிக்கப்பட்ட தேதி இருக்கும். அதன் பின்னவற்றில் அத்தாட்சிப்படுத்தப்பட்ட தேதி இருக்கும். தேசிய அரசுப் பேரவையின் சட்டங்களுக்குச் சபாநாயகரின் அத்தாட்சியே போதுமென்றாயிற்று. சுவீடன் நாட்டில் 1975இல் நடைமுறைக்கு வந்த புதிய யாப்பும், மன்னரிடமிருந்து சட்டங்களில் ஒப்பமிடும் கடமையை நீக்கி, பிரதமரை முன்மொழியும் பொறுப்பைச் சபாநாயகருக்கு அளித்தது. உலகெங்கும் அலங்காரத் தலைவர்களின் பேனைகளில் மை வற்றிக்கொண்டிருந்த காலம் போலும்! ஆகவே தனியார் காணிக்கு ஐம்பது ஏக்கர் உச்சவரம்பு விதித்த 1972ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் காணிச் சீர்திருத்தச் சட்டத்தில் கோபல்லாவவின் கை இல்லை. அச்சட்டத்தின் விளைவாய்த் தோட்டங்கள் கைமாறியபோது, 1973, 74ஆம் ஆண்டுகளின் உணவுப் பஞ்சத்தினிடையே, வேலையிழந்து மாத்தளை, கண்டித் தெருக்களிற் கையேந்திய தொழிலாளருக்கு இவ்வேறுபாடு எவ்வித ஆறுதலும் அளித்திராது.

1977 யூலைத் தேர்தலில் ஜே. ஆர். ஜயவர்த்தனா பெருவெற்றி பெற்றார். ஓகஸ்டில் தமிழருக்கெதிரான வன்செயல்கள் நாடெங்கும் மூண்டன. மலைநாட்டுத் தோட்டங்களும் தப்பவில்லை. லயங்கள் கொளுத்தப்பட, பல குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இடம்பெயர்ந்தன. முன்னாட் பிரதம நீதியரசர் மிலியானி சன்சோனியைத் தனி ஆணையாளராகக் கொண்ட விசாரணை ஆணைக்குழு அவ்வாண்டின் இறுதியில் ஜனாதிபதி கோபல்லாவவினால் நியமிக்கப்பட்டது. இதற்கு அவர் கை வேண்டப்பட்டது. அடிபட்டோரும் வீடிழந்தோரும் எழுந்து நின்று சாட்சி சொல்ல ஒரு மேடை அதனால் ஏற்பட்டது. அறிக்கை வெளிவந்தது 1980இல். அதற்குள் அவர் பதவியில் இல்லை.

1978 பெப்ரவரி 4ஆம் நாள், யாப்பின் இரண்டாவது திருத்தத்தின்படி, பிரதமராயிருந்த ஜயவர்த்தனாவே நிறைவேற்று அதிகாரம் கொண்ட ஜனாதிபதியானார். கோபல்லாவ மாளிகையைவிட்டு வெளியேறினார். பதினாறாண்டுக் காலம் ஒப்பமிட்ட பேனையை, ஒப்பமிடவும் மறுக்கவும் ஆணையிடவும் வல்ல கையொன்று எடுத்துக்கொண்டது. வல்லமையற்ற தலைவரைக் கேலி செய்தவர்கள், வல்லமையுற்ற தலைவரைக் கண்டபின் அக்கேலியைத் தொடரவில்லை.

1981 சனவரி இறுதியில், எண்பத்துநான்காம் வயதில், அவர் காலமானார். மகன் மொன்டி கோபல்லாவ பிற்காலத்தில் மாத்தளை மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினராகவும் அமைச்சராகவும் மத்திய மாகாண ஆளுநராகவும் இருந்தார். தந்தை மறைந்து இரண்டரை ஆண்டுகளில், 1983 யூலையில், மாத்தளை நகரின் தமிழர் கடைகள் எரிந்தன. முத்துமாரியம்மன் கோயிலும் தேர்களும் தீக்கிரையாயின. தேர்கள் பின்னர் புதிதாகச் செய்யப்பட்டன. மாசிமகத்தில் மீண்டும் ஓடுகின்றன.

கண்டியில் அவர் பெயரால் ஒரு வீதி உண்டு. பேராதனைப் பக்கமிருந்து, கெட்டம்பை வழியாக, புகைவண்டிப் பாதையை ஒட்டி நகருக்குள் நுழையும் வீதி அது. ஆணையாளராயிருந்தபோது அவர் பராமரித்த நகரின் வீதி. பல்கலைக்கழகத்திலிருந்து நகருக்குச் செல்லும் மாணவர், பஸ்ஸின் சாளரத்தூடே அப்பெயர்ப்பலகையை நாள்தோறும் கடந்து செல்கின்றனர்.